நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?

தைப்பூசத்தன்று மாமா காவடி எடுத்தபோது என் மகளும் கூடவே கோயில்வரை நடந்தாள். மூன்றாம் நாள் காலை, தலைவாரச் சீப்பை உயர்த்த முடியாமல் அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அன்றைக்கு நன்றாகத்தானே இருந்தாய்?" என்றேன். இதைக் கேட்டதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

வயது பதினைந்து. போன வருடம் கழுத்தில் நெறி கட்டிச் சுரப்பிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, சோர்வு போகவில்லை. இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. முதலில் பார்த்த டாக்டர், "வளர்கிற பிள்ளை, ஓடியாடச் சொல்லுங்கள்" என்றார். அத்தை உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். (அவராவது பிள்ளை நடிக்கிறாள் என்று சொல்லவில்லை.)

அவளுக்கு வந்திருப்பது நாள்பட்ட சோர்வு நோய். அதைக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனை இன்னும் கிடையாது. உலகச் சுகாதார நிறுவனம் 1969-லேயே இதை நரம்பு மண்டல நோய்களோடு சேர்த்துவிட்டது. உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சை வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-ல் சொல்லிவிட்டது. உழைப்பின் விலையை உடல் ஓரிரு நாள் கழித்து வசூலிப்பதுதான் இந்நோயின் அடையாளம். அவள் நடிக்கிறாள் என்பதற்குச் சாட்சியாக நான் எடுத்துக்கொண்ட அந்த நல்ல நாள்தான் மூன்றாம் நாளுக்குக் காரணம்.

என்னைக் கேட்டால், 'களைப்பு' என்ற சொல்தான் வில்லன். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கரும்பு வெட்டியவர்களின் வம்சம் நாங்கள். களைப்பு என்றால் சாப்பிட்டுப் படுத்தால் விடியலில் போய்விடுவது என்றுதான் எங்களுக்குத் தெரியும். இவள் பத்து மணிநேரம் தூங்கி, படுத்தபோது இருந்ததைவிட மோசமாக எழுகிறாள். "லோட் ஷெட்டிங் மின்வெட்டுக்காவது அட்டவணை உண்டு, அப்பா" என்றாள் ஒருநாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் மறுநாள் பள்ளிக்கு அனுப்பிவிடுவேன் என்று பல மாதங்களாகச் சிரிப்பை அடக்கி வந்திருக்கிறாள். அதைப் பிறகுதான் சொன்னாள். எனக்குப் புரியவைக்க அந்தப் பிள்ளை நோயாளியாகவும் இருந்து, நோயாளிபோல நடிக்கவும் வேண்டியிருந்திருக்கிறது.

வரும் ஞாயிறு டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் பெரியம்மா மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் போவதாக அவளே முடிவு செய்திருக்கிறாள். அதற்காக வெள்ளிக்கிழமை விடுப்பு. பிறகு திங்களும் செவ்வாயும். பள்ளிக்குக் காரணம் எழுதித் தரவேண்டும். 'வயிற்றுவலி' என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். 'ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்' என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.