மறுகா எப்ப மனே வருவாய்?

போன தவணை மகனின் வகுப்பு ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்வந்தது. ஒன்பதாம் ஆண்டு, 'வாழ்க்கைத் தேர்ச்சியும் குடியுரிமைக் கல்வியும்' பாடத்துக்கான செயற்றிட்டம். ஆளுக்கு முந்நூறு ரூபா சேர்த்து, சவர்க்காரம், பற்பசை, பிஸ்கட் எல்லாம் பொதி கட்டி, பெனர் அடித்து, வரிசையில் நின்று படம் எடுத்து, மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

இரவு சாப்பிடும்போதுதான் மகன் சொன்னான். ஒரு அம்மம்மா பொதியை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, இவன் கையைப் பிடித்து "மறுகா எப்ப மனே வருவாய்?" என்று, அதாவது மறுபடி எப்போது மகனே வருவாய் என்று, கேட்டாராம். இவனிடம் பதில் இல்லை. கட்டிலுக்கு அடியில் ஏற்கனவே மூன்று பொதி பிரிக்காமல் கிடந்ததாம்.

கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கே போவது என்று முடிவெடுத்தது பெரியவர்கள், என்ன வாங்குவது என்று முடிவெடுத்தது பெரியவர்கள், காசு வைத்திருந்ததும் பெரியவர்கள். பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். இதில் குடியுரிமை எங்கே இருக்கிறது?

எங்கள் ஊரில் மரணாதார சங்கம், சாவீட்டுச் செலவுக்கு உதவும் சங்கம், இருக்கிறது. அப்பா பல வருடம் பொருளாளர். வருடாந்தக் கூட்டத்தில் அவர் கணக்குக் கொப்பியை வாசிக்கும்போது யாராவது எழும்பி, "கதிரை திருத்தின காசுக்குப் பற்றுச்சீட்டு எங்கே?" என்று கேட்பார்கள். அப்பா கோபப்பட்டதே இல்லை, எடுத்துக் காட்டுவார். பொதுக் காசுக்குக் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை என்பதை நான் அந்தக் கூட்டத்தில் பாயில் இருந்து பார்த்துத்தான் படித்தேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக் கரையோரத்துக் கல்லடி, நாவலடிச் சனம் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்தபோது, வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து சோற்றுப் பார்சல் வந்தது. நாங்கள் பெடியன்கள் கண்டபடி கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு பெரியவர் கூப்பிட்டு, "முதல்ல ஒவ்வொரு அறையா போய் எத்தனை பேர், எத்தனை கைப்பிள்ளை எண்டு எழுதிட்டு வாங்கடா" என்றார். எழுதிய பிறகுதான் தெரிந்தது, பால்மா இல்லாமல் எத்தனை பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன என்று.

அதனால் பெற்றோர் கூட்டத்தில் எழும்பிக் கேட்டேன். ஒரே இல்லம், வருடம் முழுக்க, இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஆறு பிள்ளைகள் முறை வைத்துப் போகட்டும், பொருளாளரை வகுப்பே தெரிவு செய்யட்டும், கணக்கை மாதக் கடைசியில் வகுப்பில் வாசிக்கட்டும். சிலர் ரியூசன் கெடும் என்றார்கள். காரைதீவில் பிறந்து, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கிய விபுலானந்த அடிகளைப் பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம் பண்ண வைக்கிறோம். அவர் படிப்பையும் தொண்டையும் இரண்டாகப் பிரித்தவரா? வகுப்பாசிரியை என் பக்கம் நின்றார், நல்ல மனுசி.

முதல் தடவை வெறுங்கையோடு போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். சவர்க்காரம் அலுமாரி நிறைய இருக்கிறதாம். ஒழுங்கையில் லைற் எரியாததால் பொழுதுபட்டால் வெளியே இறங்கப் பயமாம். பிள்ளைகளே உள்ளூராட்சி சபைக்குக் கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் போட்டு, துண்டைக் கொப்பியில் ஒட்டியிருக்கிறார்கள். பதில் இன்னும் இல்லை. வரும் மாதம் நேரில் போய்க் கேட்கப் போகிறார்கள், நானும் கூடப் போவேன்.

இன்னொன்று, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மருந்து உறைகளில் ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்கிறதாம். எந்தக் குளிசை எப்போது என்று தெரியாமல் தடுமாறுகிறார்கள். மேற்பார்வையாளர் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல, பிள்ளைகள் தமிழில் எழுதிக்கொடுப்பதாக ஏற்பாடு.

இந்தச் சனிக்கிழமை மகனின் முறை. மொத்த எழுத்து விழுகிற கறுப்பு மாக்கர் வேணுமாம், அந்த அம்மம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாதாம். ரவுணுக்குப் போகும்போது வாங்க வேண்டும்.