வாக்கெடுப்பு உண்டு, ஆனால் வாக்கு யாருடையது?
"காவல், தீயணைப்புக்கான சிறப்பு வரி வட்டாரத்தை நகர மன்றம் தன்னிஷ்டப்படி பக்கத்துப் பகுதிக்கும் நீட்டிவிடலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கலிபோர்னியாவில் அப்படி முடியாது. இத்தகைய வரி வட்டாரங்களுக்கான 1982ஆம் ஆண்டின் மெலோ-ரூஸ் சட்டப்படி, சேர்க்கப்படும் பகுதியில் வாக்கெடுப்பு நடத்தி மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெற வேண்டும். இல்லையேல் நில உரிமையாளர்கள் அனைவரும் சம்மதிக்க வேண்டும். வீட்டின் மதிப்பை வைத்தும் இந்தச் சிறப்பு வரியை விதிக்க முடியாது. சொத்து வரிச் சீட்டில் தனி இனமாக வரும்.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. சேர்க்கப்படும் பகுதியில் பதிவுபெற்ற வாக்காளர்கள் 12 பேருக்குக் குறைவென்றால் நில உரிமையாளர்களே வாக்களிப்பார்கள், ஏக்கருக்கு ஒரு வாக்கு. பொட்டல் மனையாகக் கிடக்கும்போதே கட்டுமான நிறுவனம் 'சரி' என்று சொல்லிவிடும்; பிறகு வீடு வாங்கிக் குடிவருபவர் தலையில்தான் அந்த வரி விடியும்.