ட்ராக் கத்தேக்க ஹாண்டிலைச் சுத்தாதேங்கோ

போன ஞாயிற்றுக்கிழமை காலமை வெள்ளவத்தையில, றெயில் பாதைக்கு அங்கால இருக்கிற கல்லுகளில நிண்டு தூண்டில் போட்டுக்கொண்டிருக்கேக்க பாத்த ஒரு விசயம், மூண்டு நாளா மனசுக்குள்ளேயே கிடக்குது, எழுதிப்போட்டுத்தான் விடுவன்.

எனக்குப் பக்கத்தில ஒரு தம்பி, 16, 17 வயசிருக்கும். புது ஸ்பின்னிங் றீல் (லைனைச் சுத்தி எடுக்கிற கருவி), 2500 சைஸ், புது பிரெயிட் லைன் (பின்னின நூல்), எல்லாம் காசு சேத்து வாங்கினது எண்டு பாத்தாலே தெரியுது. 7 மணி போல அவனுக்கு ஒரு நல்ல பாரை பிடிச்சிட்டுது. ட்ராக், அதுதான் மீன் பலமா இழுத்தா லைனை வழுக்கி விடுற றீலின்ர பிரேக், கிர்ர்ர் எண்டு கத்துது, லைன் வெளிய ஓடுது, அவன் விடாமல் ஹாண்டிலைச் சுத்துறான், சுத்தச் சுத்த மீன் ஒரு அடிகூடக் கிட்ட வரேல்ல, பின்னால நிண்ட பெரியாக்கள் எல்லாரும் "சுத்து தம்பி, விடாத, சுத்து" எண்டு கத்துகினம். கடைசியில மீன் கல்லுக்குள்ள பூந்து லைன் அறுந்துபோச்சு. மீன் போறது வழமை, அதுக்கு நான் கவலைப்படேல்ல. ஆனா புது லூர் (செயற்கை இரை) கட்டி அடுத்த காஸ்ட் எறிஞ்சான் பாருங்கோ, தூண்டில் தடியின்ர முதலாவது வளையத்துக்குள்ளேயே கொத்தாச் சிக்கு. அரை மணித்தியாலம் நிண்டு பிரிச்சுப் பாத்தான், ஏலாமல் போய் கத்தியை எடுத்து வெட்டி அந்தக் கொத்தைக் கல்லிடுக்குக்குள்ள போட்டுட்டு, "அண்ணை, கடைக்காரர் பிழையான லைனைத் தந்திட்டார்" எண்டான்.

லைனில ஒரு பிழையும் இல்லை. சிக்குக்குக் காரணம் லைனில ஏறின முறுக்கு, அவ்வளவு முறுக்கும் அந்த மீன் இழுத்த ரெண்டு நிமிசத்துக்குள்ள அவன்ர கையால ஏறினது, அதை அவனுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்ல, சுத்தச் சொல்லிக் கத்தினது நாங்கள்தான்.

ஸ்பின்னிங் றீலில லைன் சுத்தி எடுக்கேக்க ஸ்பூல், அதுதான் லைன் நிறைச்சிருக்கிற உருளை, சுத்துறேல்ல, அது மேலயும் கீழயும் மட்டும்தான் போய்வரும், ஹாண்டிலோட சேந்து ஓடுற றோட்டர் எண்ட பாகம்தான் அதைச் சுத்தி ஓடி லைனைப் படுக்கவைக்குது. அப்பிடிப் படுக்கிற ஒவ்வொரு சுத்துக்கும் லைனில ஒரு முறுக்கு ஏறும். திருப்பி எறியேக்க லைன் ஸ்பூலின்ர வாயால கழண்டு போறதால அந்த முறுக்கும் கழண்டிடும், கணக்குச் சரி. 1905ல இங்கிலாந்தில ஆல்ஃப்ரெட் இலிங்வொர்த் எண்டவர் இந்த மாதிரி றீலுக்குக் காப்புரிமை எடுத்தவர், அவர் துணி ஆலை நடத்தின மனுசன், ஆலையில பொபின் நிண்ட இடத்தில நிக்க நூல் கழண்டு வாற அதே முறைதான் இண்டைக்கும் எங்கட கையில இருக்கிற றீலுக்குள்ள இருக்குது. ஆனா ட்ராக் வழுக்கிக்கொண்டிருக்கேக்க ஹாண்டிலைச் சுத்தினா என்ன நடக்கும்? றோட்டர் ஓடும், லைன் ஒரு அங்குலமும் உள்ளுக்கு வராது, முறுக்கு மட்டும் ஏறும். றீலில 5.2:1 எண்டு எழுதியிருக்கும், ஹாண்டில் ஒருக்காச் சுத்தினா றோட்டர் 5.2 தரம் சுத்தும் எண்டு அர்த்தம். அப்ப 20 தரம் ஹாண்டில் சுத்தினா 104 முறுக்கு. அந்தத் தம்பி 50 தரத்துக்கு மேல சுத்தியிருப்பான், கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கோ.

மீன் ஓடினா கையை ஹாண்டிலில சும்மா வைச்சிருங்கோ. அது நிண்ட உடன றொட்டை, அதுதான் தூண்டில் தடியை, மெதுவா உயர்த்தி, பிறகு இறக்கிக்கொண்டு வரேக்க மட்டும் சுத்துங்கோ. ட்ராக்கையும் கையால இழுத்துப் பாத்து "போதும்" எண்டு விடக்கூடாது, ஒரு கொளுக்கித் தராசை லைனில கட்டி இழுத்துப் பாருங்கோ, 20 இறாத்தல் லைன் எண்டா 5, 6 இறாத்தலில வழுக்கத் தொடங்கினாச் சரி. கனபேர் லைன் அறுந்திடும் எண்ட பயத்தில ட்ராக்கை சரியான லூசா விட்டுப்போட்டு, பிறகு மீன் வரேல்ல எண்டு சுத்துறது, முறுக்கின்ர பெரிய பங்கு அங்கதான்.

சிக்குக்கு அடுத்த காரணம் பெயில், அதுதான் லைனைப் பிடிச்சு ஸ்பூலுக்கு வழிகாட்டுற வளைஞ்ச கம்பி. எறிஞ்ச உடன ஹாண்டிலைச் சுத்தி டக் எண்டு பெயிலை மூடுறது எல்லாரும் செய்யிற வேலை, நானும் கன வருசம் செய்தனான். அப்ப லைன் தளர்வாவே ரோலருக்குள்ள (பெயிலின்ர நுனியில லைன் ஓடுற சின்னச் சில்லு) போகுது, ஸ்பூலில முதல் வளையம் லூசா நிக்கும், அடுத்த காஸ்ட்டில அந்த வளையம் பத்து வளையத்தைச் சேத்து இழுத்துக்கொண்டு வரும். காலிமுகத்திடலில கடல் காத்து முகத்துக்கு நேர அடிக்கேக்க இது ரெண்டு மடங்கு. லூர் தண்ணியில விழ முன்னமே சுட்டுவிரலை ஸ்பூல் விளிம்பில தொட்டு லைனை நிப்பாட்டுங்கோ, பெயிலைக் கையால மூடுங்கோ, மூடினாப்போல றீலுக்கு மேல லைனை ஒருக்கா இழுத்து இறுக்கிப்போட்டுத்தான் சுத்தத் தொடங்குங்கோ. ரெண்டு செக்கன் வேலை. இது பழகினதுக்குப் பிறகு எனக்கு ஒரு நாளில ஒரு சிக்குக்கூட வாறது குறைவு.

கடையில லைன் நிறைக்கிற விதத்திலயும் எனக்கு மனவருத்தம் இருக்குது. ஒரு கடையில என்ர றீலுக்கு மோனோ, அதுதான் எங்கட தங்கூசி, விளிம்புக்கு மேல வாறளவுக்குக் கொட்டிச் சுத்தித் தந்தவை, காசுக்கு நிறைவாத் தந்திட்டம் எண்டு சந்தோசமாச் சொன்னவை. விளிம்புக்குக் கீழ 2, 3 மில்லிமீற்றர் விட்டே ஆகணும், இல்லாட்டி வளையம் தானா வழிஞ்சு விழும். வீட்டிலயே நிறைக்கலாம். லைன் வந்த பெரிய உருளையை லேபல் மேல தெரிய நிலத்தில படுக்க வையுங்கோ, ஈரத் துணியால லைனைப் பிடிச்சு இறுக்கம் குடுத்துக்கொண்டு 15, 20 தரம் சுத்துங்கோ, பிறகு லைனைத் தளர விட்டுப் பாருங்கோ. இடியப்பம் மாதிரிச் சுருண்டு முறுக்கினா உருளையை மறுபக்கம் பிரட்டிப் போடுங்கோ, அவ்வளவுதான். பிரெயிட் எண்டா அடியில கொஞ்சம் மோனோ சுத்திப்போட்டு அதுக்கு மேல கட்டுங்கோ, வெறும் ஸ்பூலில பிரெயிட் வழுக்கும்.

தூண்டிலில இரைக்கு இறால் குத்துறதும் கவனிக்கவேணும். வளைஞ்சபடி குத்தினா இழுக்கேக்க விசிறி மாதிரிச் சுத்தி லைனை முறுக்கிக்கொண்டு வரும், நேராக் குத்தி காலடித் தண்ணியில ஒருக்கா இழுத்துப் பாத்திட்டு எறியுங்கோ. ஸ்பூன் (கரண்டி மாதிரி உலோக லூர்) போடுறாக்கள் நல்ல பெயரிங் ஸ்விவல், அதுதான் லைனுக்கும் லூருக்கும் நடுவில சுத்துற இணைப்பு, ஒண்டு வாங்குங்கோ, மலிஞ்சது பாரம் வந்தாச் சுத்தாது. உப்புத் தண்ணியில ரோலர் இறுகிப்போகும், வீட்ட வந்து நல்ல தண்ணியால மெதுவாக் கழுவி ஒரு துளி எண்ணெய்.

ஏற்கனவே முறுக்கேறின லைனை வெட்டி எறியத் தேவையில்லை. பொல்கொடை ஏரியில வள்ளத்தில போறாக்கள் நுனியில ஒண்டும் கட்டாமல், லூர் ஸ்விவல் எல்லாம் கழட்டிப்போட்டு, 50, 60 மீற்றர் பின்னால விட்டு அஞ்சு நிமிசம் மெதுவா ஓடினா தண்ணியே முறுக்கைக் கழட்டிவிடும், விரலால இறுக்கிப் பிடிச்சுச் சுத்தி எடுங்கோ. வள்ளம் இல்லாட்டி புல்லு மைதானத்தில லைனை நீட்டி விட்டுட்டு இழுத்துக்கொண்டு நடவுங்கோ. ஸ்பூலில வளையம் ஒண்டு துருத்திக்கொண்டு நிக்கிறதைக் கண்டா அப்பிடியே எறியாமல் பெயிலைத் திறந்து அது வெளிய வரும் வரைக்கும் கையால இழுத்து எடுங்கோ.

எனக்கு ஏன் இவ்வளவு நெஞ்சு எரியுது எண்டா, 2022ல டொலர் 200ல இருந்து 360 தாண்டின பிறகு வெளிநாட்டில இருந்து வாற சாமான் எல்லாம் எட்டாத விலை, அந்தத் தம்பிமாதிரிப் பிள்ளையள் எவ்வளவு நாள் சேத்து ஒரு லைன் வாங்குதுகள். அடுத்தது அந்தக் கல்லிடுக்கு. நைலோனும் உக்காது, பிரெயிட்டும் உக்காது. காகத்தின்ர காலில தங்கூசி இறுகி விரல் கறுத்துப்போய் நொண்டுறதை வெள்ளவத்தையில என்ர கண்ணால கண்டனான், உலகத்தில இருக்கிற 7 வகைக் கடலாமையில 5 வகை எங்கட கரைக்கு முட்டையிட வருது, அதுகளின்ர கழுத்திலயும் இப்பிடியான நூல்தான் மாட்டும். தம்பி எறிஞ்ச கொத்தை நான் இறங்கி எடுத்து, துண்டு துண்டா வெட்டி ஒரு சோடாப் போத்தலுக்குள்ள அடைச்சுக்கொண்டு வந்தனான், நீங்களும் பையில ஒரு வெறும் போத்தல் வைச்சிருங்கோ.

வாற ஞாயிறு காலமை 6 மணிக்கு வெள்ளவத்தையில அதே கல்லுகளில நிப்பன். புது றீல் வாங்கின பிள்ளையள் லைனையும் உருளையோட கொண்டு வாங்கோ, இருந்து நிறைச்சுக் காட்டுறன், கொளுக்கித் தராசு என்னட்ட இருக்குது.