நாட்காட்டியை மட்டும் காட்ட ஒரு பொத்தான் இல்லையா?

மேலாளரின் நாட்காட்டியை அவருடைய செயலர் பார்க்க வேண்டும். மேலாளரின் மின்னஞ்சல்களைப் பார்க்கக் கூடாது. ஓர் அலுவலகத்தில் இதைவிட நியாயமான, இதைவிடச் சாதாரணமான கோரிக்கை இருக்க முடியுமா? ஆனால் எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் சர்வரின் நிர்வாகத் திரையைத் திறந்து, அந்த மேலாளரின் பெயரைச் சொடுக்கிப் பாருங்கள். அஞ்சல் பெட்டி முழுவதையும் படித்து ஆளும் உரிமை, அவர் பெயரிலேயே மின்னஞ்சல் அனுப்பும் உரிமை, அவர் சார்பாக அனுப்பும் உரிமை ஆகிய மூன்றும் ஒரு சொடுக்கில் கிடைக்கும்படி வரிசையாகக் காத்திருக்கின்றன. நாட்காட்டியை மட்டும் காட்டும் உரிமை அந்த வரிசையில் இல்லை. நடந்துபோக வழி கேட்டவருக்கு நிலத்தையே கிரயம் எழுதிக் கொடுக்கப் பொத்தான் வைத்தவர்கள், வழி விடுவதற்கு ஒரு பொத்தான் வைக்க மறந்துவிட்டார்கள்.

மேலாளரே தம் அவுட்லுக்கில் நாட்காட்டியைத் திறந்து, பகிர்வு அனுமதிகளுக்குப் போய், செயலரின் பெயரைச் சேர்த்துவிடலாமே என்று கேட்பீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம். அதைத் தாமே செய்துகொள்ளும் மேலாளர் ஒருவரை எனக்குக் காட்டுங்கள். "அதெல்லாம் உங்கள் துறை வேலை" என்று, சர்வர்களைக் கவனிக்கும் எங்களுக்கு ஒரே வரியில் கோரிக்கை வந்துவிடும். அதில் "அவசரம்" என்ற சொல்லும் தவறாமல் இருக்கும். அவசரத்தில் இருக்கும் சர்வர் நிர்வாகி என்ன செய்வார்? கைக்கு எட்டும் பொத்தானை அழுத்துவார். அடுத்த சிறிது நேரத்தில், யாரும் கேட்காமலேயே, மேலாளரின் அஞ்சல் பெட்டி முழுவதும் செயலரின் அவுட்லுக்கில் தானாகவே வந்து அமர்ந்துகொள்ளும். சம்பள உயர்வுப் பட்டியலும் ஒழுங்கு நடவடிக்கைக் கடிதமும் அதில்தான் இருக்கின்றன. இப்படி அள்ளிக் கொடுக்கப்பட்ட முழு உரிமைகள் எத்தனை அலுவலகங்களில் கேட்பாரற்றுக் கிடக்கின்றனவோ! தேவைக்கு மேல் உரிமை தராதே என்று பாதுகாப்புப் பயிற்சிதோறும் எங்களுக்குப் போதிக்கிறார்கள். கருவியோ தேவைக்கு மேலான உரிமையைத்தான் முதலில் நீட்டுகிறது.

சிறிய உரிமையை முறையாகக் கொடுக்க விரும்பும் நிர்வாகி, கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் பவர்ஷெல்லின் கறுப்புத் திரைக்குப் போக வேண்டும். அங்கே புதிதாக ஒருவரைச் சேர்க்க 'ஆட்' என்று தொடங்கும் கட்டளை, ஏற்கெனவே இருப்பவரின் உரிமையை மாற்ற 'செட்' என்று தொடங்கும் கட்டளை. பட்டியலில் இருப்பவருக்கு 'ஆட்' போட்டால், இவர் ஏற்கெனவே இருக்கிறார் என்று பிழை வரும். இல்லாதவருக்குச் 'செட்' போட்டால், இவர் இல்லையே என்று பிழை வரும். இருக்கிறாரா இல்லையா என்பதுதான் உனக்கே தெரிந்திருக்கிறதே, பிறகு ஏன் ஐயா என்னைச் சுற்றவிடுகிறாய்? இதைவிடக் கொடுமை, நாட்காட்டி எந்தப் பெயரில் இருக்கிறது என்பதையும் நாமே சொல்ல வேண்டும் என்பது. அஞ்சல் பெட்டி ஆங்கிலத்தில் அமைந்திருந்தால் 'காலெண்டர்', ஜெர்மனில் அமைந்திருந்தால் 'கலெண்டர்', பிரெஞ்சில் 'காலாந்திரியே'. எல்லாப் பணியாளர்களுக்கும் சேர்த்து எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைத் தொகுப்பு, வெளிநாட்டுக் கிளையில் ஒருவர் தம் தாய்மொழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக, அப்படி ஓர் உறையே (ஃபோல்டரே) இல்லை என்று அவரிடம் போய் நிற்கும்.

அனுமதி நிலைகளின் பெயர்களைப் பற்றித் தனியாகக் குமுற வேண்டும். மொத்தம் 11 நிலைகள் இருக்கின்றன. எடிட்டருக்கும் பப்ளிஷிங் எடிட்டருக்கும் உள்ள வேறுபாடு, பின்னவர் உள்ளே துணை உறைகளை உருவாக்கலாம் என்பது மட்டுமே. நாட்காட்டிக்குள் துணை உறை போடும் பழக்கம் யாருக்கு இருக்கிறது? கான்ட்ரிபியூட்டர் என்று ஒருவர். அவர் நாட்காட்டியில் எழுதலாம், அதில் இருப்பதைப் படிக்க முடியாது. அஞ்சல் உறைகளுக்கும் பொது உறைகளுக்கும் வகுத்த பிரிவுகளை அப்படியே நாட்காட்டிக்கும் மாட்டிவிட்டு, அதற்கென்று உண்மையிலேயே பொருந்துகிற இரண்டை மட்டும் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள்: நேரம் காலியா இல்லையா என்று மட்டும் காட்டுவது ஒன்று, தலைப்பையும் இடத்தையும் காட்டுவது மற்றொன்று. பெரும்பாலான அலுவலகங்களுக்கு இந்த இரண்டும், முழு விவரங்களையும் படிக்கவிடும் ரிவ்யூவரும், மாற்றங்கள் செய்யவிடும் எடிட்டருமே போதும்.

எல்லாரும் எல்லாருடைய சந்திப்புத் தலைப்புகளையும் பார்க்கட்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்தாலும் துன்பம் தீராது. நிறுவனம் முழுவதற்கும் இதுதான் இயல்புநிலை என்று ஓரிடத்தில் எழுதிவைக்க வழியில்லை. தனியாகப் பெயர் சேர்க்கப்படாத எல்லாருக்கும் பொருந்தும் 'டிஃபால்ட்' என்ற பதிவை ஒவ்வோர் அஞ்சல் பெட்டியாகத்தான் மாற்ற வேண்டும். நாளை புதிதாகச் சேருபவரின் நாட்காட்டி மறுபடியும் காலியா இல்லையா என்ற நிலையிலேயே பிறக்கும். அவருக்காக அந்த ஸ்கிரிப்ட் மீண்டும் ஓட வேண்டும். ஒரு துறைக்கு மட்டும் உரிமை கொடுக்கலாம் என்று, எல்லாருக்கும் ஒரே முகவரியில் மின்னஞ்சல் அனுப்ப ஏற்கெனவே இருக்கிற பகிர்மானக் குழுவைச் சேர்க்கப் போனால் அது ஏற்கப்படாது. உரிமைகள் வழங்குவதற்கென்றே உள்ள பாதுகாப்புக் குழுவாக இருந்தால்தான் ஏற்கப்படும். அதே ஆட்களை வைத்து இரண்டாவதாக ஒரு குழுவை உண்டாக்கிவிட்டு, இனி யார் சேர்ந்தாலும் விலகினாலும் இரண்டு பட்டியல்களையும் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கூட்ட அறைகளின் கதை வேறு. "அறையைப் பிடித்திருப்பது யார், எதற்காக?" என்று கேட்கிறார்கள் என்பதற்காக, அறையின் நாட்காட்டியில் தலைப்பைக் காட்டும் அனுமதியைக் கொடுத்தால், தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் கூட்டத்தை ஏற்பாடு செய்தவரின் பெயர் மட்டும் தெரியும். தலைப்பை அழித்துவிட்டு அமைப்பாளர் பெயரை அங்கே போடுவதுதான் அறைகளுக்கான அஞ்சல் பெட்டிகளின் இயல்பான அமைப்பாம்; அதை மாற்றும் கட்டளை அனுமதிகளோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறோர் இடத்தில் இருக்கிறது. மாற்றிய பிறகும் புதிய பதிவுகளில்தான் தலைப்பு வரும். பழையவற்றில் அழிந்தது அழிந்ததுதான். ஆகவே, "நீங்கள் ஒன்றும் சரிசெய்யவில்லையே" என்ற இரண்டாவது புகார் அன்றைக்கே வந்து சேரும்.

இவ்வளவையும் கடந்து வந்தால் தணிக்கை நிற்கிறது. "விலகிப் போகும் இந்தப் பணியாளர் இதுவரை யார் யாருடைய நாட்காட்டிகளைப் பார்க்க முடிந்தது?" என்று தணிக்கையாளர் கேட்கிறார். நல்ல கேள்வி, ஒவ்வோர் அலுவலகத்திலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதற்கு விடை சொல்லும் கட்டளை எதுவும் இல்லை. ஒரு நாட்காட்டியைக் காட்டி யாருக்கெல்லாம் உரிமை என்று கேட்கலாம். ஓர் ஆளைக் காட்டி எந்த நாட்காட்டிகளுக்கெல்லாம் உரிமை என்று கேட்க முடியாது. எனவே, நிறுவனத்தின் அஞ்சல் பெட்டிகள் ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டுப் பட்டியல் தயாரிக்க வேண்டும். அந்தப் பட்டியலிலும், எப்போதோ வேலையை விட்டுப் போய்க் கணக்கும் நீக்கப்பட்டுவிட்டவர்களின் உரிமைகள், பெயர் இழந்து, வெறும் நீண்ட அடையாள எண்களாக வரிக்கு வரி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த எண்களுக்கு உரியவர்கள் யார், அவர்களுக்கு அனுமதி வழங்கியது எந்த உத்தரவின் பேரில் என்று வெள்ளிக்கிழமைக்குள் நான் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டுமாம்.