அழுகுணி ஆட்டமா? நீங்களே திறந்து பாருங்கள்

கணினி விளையாட்டு ஒன்றின் புல்வெளியில் ஓர் ஆர்க், அதாவது கற்பனைக் கதைகளில் வரும் முரட்டு அரக்கன், நிற்கிறான். அதே கதைகளில் வரும் எல்ஃப் இனத்து வீரன் என் பக்கம், அவனுக்கு நான்கு வாள்வீச்சு, ஒவ்வொன்றும் விழ 60 சதவீத வாய்ப்பு என்று திரையிலேயே போட்டிருக்கிறது. நான்கும் காற்றோடு போயின. ஆர்க் பதிலுக்கு வீசியது இரண்டே தடவை, இரண்டும் விழுந்தன. 'சரியான அழுகுணி ஆட்டம்டா இது' என்று கத்திவிட்டு மடிக்கணினியை மூடினேன்.

விளையாட்டின் பெயர் பேட்டில் ஃபார் வெஸ்நாத். 2003இல் டேவிட் ஒயிட் தொடங்கியது, இன்றுவரை தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். இதை விளையாடும் எல்லோருமே ஒரு நாள் இப்படிக் கத்தியிருப்பார்கள். ஆனால் இதன் மூலநிரல், அதாவது விளையாட்டை இயக்கும் கட்டளைகள், எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. அடி விழுமா தவறுமா என்று முடிவு செய்யும் பகடை உள்ளே எப்படி உருள்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். கோபம் தணிந்தபிறகு கணக்குப் போட்டேன். நான்கும் தவற வாய்ப்பு சுமார் 2.5 சதவீதம், அதாவது நாற்பது சண்டைக்கு ஒரு தடவை. ஒரு முழுப் படையெடுப்பில் நூற்றுக்கணக்கான சண்டைகள் வரும். அப்புறம் நடக்காமல் எப்படி இருக்கும்?

என் தப்பு வேறு இடத்தில் இருந்தது. இந்த ஆட்டத்தில் பொழுது மாறிக்கொண்டே இருக்கும். ஆர்க்குகளுக்கு இரவில் அடி 25 சதவீதம் கூடும், பகலில் அதே அளவு குறையும். நான் அந்தி சாயும் நேரத்தில் வேகமாகப் போய் மோதியிருக்கிறேன். பின்வாங்கிக் கிராமத்தில் காயம் ஆற்றிவிட்டு, விடிந்ததும் அடித்திருக்க வேண்டும். பழியைப் பகடை மேல் போடுவது சுலபம்.

திறந்த மூல விளையாட்டு என்றாலே 'ஓ, இலவசமா' என்கிறார்கள். காசு மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அது இரண்டாம்பட்சம். காசு கொடுத்து வாங்கிய வியூக விளையாட்டு ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு நாள் அதன் சர்வரை நிறுத்திவிட்டார்கள். தனியாளாக விளையாடக்கூட வழியில்லை. வார்ஸோன் 2100 கதையைப் பாருங்கள். 1999இல் கடையில் விற்ற விளையாட்டு, உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. 2004இல் மூலநிரலை வெளியிட்டார்கள், ரசிகர்கள் கையில் எடுத்தார்கள், இன்றும் புதுப் பதிப்பு வருகிறது. ஓபன்டிடிடியும் இப்படித்தான். தொண்ணூறுகளின் போக்குவரத்து விளையாட்டு ஒன்றை 2004இல் ஒருவர் மறுபடி எழுத ஆரம்பித்தார். ரயில் சிக்னலை ஒழுங்காக வைக்கத் தெரியாமல் நான் எத்தனை ரயில்களை முட்டுச்சந்தில் நிறுத்தியிருக்கிறேன் என்று கேட்காதீர்கள்.

குறையே இல்லையா? இருக்கிறது. நாகரிகத்தை வளர்க்கும் வியூக விளையாட்டான ஃப்ரீசிவ் 1996 முதல் இருக்கிறது, டென்மார்க் மாணவர்கள் மூன்று பேர் தொடங்கியது. ஆழமான ஆட்டம், ஆனால் பொத்தான்களைத் தேடியே பாதி நேரம் போய்விடும். பண்டைய பேரரசுகள் மோதும் 0 ஏ.டி. கண்ணுக்கு விருந்து, மௌரியர்களை எடுத்தால் வேலை செய்யும் யானை ஒன்று வரும், வெட்டிய மரத்தை ஊர்க்கிடங்குவரை தூக்கிப் போகாமல் அதன் அருகிலேயே இறக்கலாம். நடமாடும் கிடங்கு! அதற்காகவே எனக்கு மௌரியர் கட்சி. ஆனால் இரண்டு பெரிய படைகள் மோதும்போது பழைய கணினி திணறும். 2009இல் மூலநிரலைத் திறந்துவிட்டு, அதற்கப்புறமும் பல ஆண்டுகள் 'ஆல்பா', அதாவது இன்னும் முடியாத சோதனைப் பதிப்பு, என்றே போட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பளம் இல்லாமல் ஓய்வு நேரத்தில் செய்பவர்களிடம் 'எப்போது முடியும்' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

புதிதாகத் தொடங்குபவர் வெஸ்நாத்தில் தொடங்கலாம். கணினி பழையதாக இருந்தாலும் ஓடும், பயிற்சிப் பாடமும் உள்ளேயே இருக்கிறது. அதில் புள்ளிவிவரம் என்று ஒரு பகுதி உண்டு. நீங்கள் கொடுத்த அடி எவ்வளவு, வாய்ப்புக் கணக்குப்படி கொடுத்திருக்க வேண்டிய அடி எவ்வளவு என்று இரண்டையும் காட்டும்.

நேற்றிரவு மறுபடியும் நான்கு வீச்சும் தவறின. இந்தத் தடவை கத்துவதற்கு முன்னால் அதைத் திறந்து பார்த்தேன். எதிர்பார்த்ததைவிட நான்தான் கூடுதலாக அடித்திருந்தேன். சத்தமில்லாமல் மூடிவிட்டேன்.