அந்த மெயிலில் இருந்தது ஒரே ஒரு பெயர்

வெள்ளிக்கிழமை இரவு என்ன நடந்தது என்று மறுபடி விளக்கப் போவதில்லை. என்னோடு பேசுகிற எல்லோருக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு ஒரே வரி: எங்கள் கம்பெனியில் ஒருவர் ஓட்டிய ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன புரோகிராம்) அழிக்கக் கூடாத டேட்டாவை அழித்து, சேவையே நின்றுபோனது. நான் எழுத வந்தது திங்கட்கிழமை காலை 300 பேருக்குப் போன அந்த மெயிலைப் பற்றி. 4 மணி நேரம் சேவை நின்றுபோனதற்குக் காரணம் என்று அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது. வேலைக்குச் சேர்ந்து 5 மாதம் ஆன ஒரு பெண்ணின் பெயர்.

தப்பு அவருடையது இல்லை. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அவர் ஓட்டிய ஸ்கிரிப்டை நான் திறந்து பார்த்தேன். பழைய டெஸ்ட் டேட்டாவை அழிக்கிற சின்ன ஸ்கிரிப்ட், 80 வரிகூட இருக்காது. எந்த டேட்டாபேஸில் ஓட வேண்டும் என்று நாம் சொல்லாமல் விட்டால் அது தானாகவே, நிஜ வாடிக்கையாளர்களின் டேட்டா இருக்கும் புரொடக்‌ஷனைப் பிடித்துக்கொள்ளும். ஆறாவது வரியிலேயே அப்படி எழுதியிருக்கிறது. அதற்கு மேல் ஒரு குறிப்பு: "தற்காலிகம், ரிலீஸ் முடிந்ததும் மாற்ற வேண்டும்." எழுதிய ஆண்டு 2019. எழுதியவர் கம்பெனியை விட்டுப் போயே வெகுநாளாகிறது. அழிக்கும் முன் "நிச்சயமா?" என்று அந்த ஸ்கிரிப்ட் ஒரு வார்த்தை கேட்காது. புதிதாக வந்தவருக்கு புரொடக்‌ஷனில் அழிக்கிற அனுமதி எப்படி வந்தது? நாங்கள் எல்லோரும் ஒரே பாஸ்வேர்டைத்தான் பயன்படுத்துகிறோம். சேருகிற முதல் நாள் கொடுக்கிற டாக்குமென்டிலேயே அது இருக்கிறது.

இவ்வளவையும் வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் பெயரை மெயிலில் போட எப்படி மனசு வந்தது?

"கவனமாக இருந்திருக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், நானும் இரண்டு நாளாக யோசித்தேன். கவனமாக இருந்திருக்க வேண்டும், சரி. ஆனால் அவர் அதை ஓட்டியபோது மணி இரவு பதினொன்றரை. காலை 10 மணிக்கு உட்கார்ந்தவர். ரிலீஸ் தள்ளிப்போகக் கூடாது என்று அவரை உட்கார வைத்தது யார்? அந்த நிலையில் ஒரு மனுஷியின் கவனத்தை மட்டும் நம்பி லட்சக்கணக்கானவர்களின் டேட்டாவை வைத்திருந்தது யார்? மெயிலில் அந்தப் பெயர்கள் எதுவும் இல்லையே.

நானும் இதைச் செய்திருக்கிறேன். முதல் வேலை, சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரே ஒரு கஸ்டமரின் நிலையை மாற்றுவதற்கு அப்டேட் குவெரி (டேட்டாவை மாற்றும் கட்டளை) எழுதினேன், எந்த வரியை மட்டும் மாற்ற வேண்டும் என்று சொல்கிற 'வேர்' (WHERE) பகுதியைப் போட மறந்துவிட்டேன். என்டர் தட்டியதும் திரையில் 41 ஆயிரம் வரிகள் மாற்றப்பட்டதாக வந்தது. விரல் நுனியெல்லாம் ஜில்லிட்டுப் போனது இன்னும் நினைவிருக்கிறது. என் டீம் லீட் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "பதறாத. கீபோர்டுல இருந்து கைய எடு. என்ன அடிச்சேன்னு மட்டும் சொல்லு" என்றார். காலையில் எடுத்த பேக்கப்பிலிருந்து இரவோடு இரவாகச் சரிசெய்தோம். மறுநாள் புரொடக்‌ஷனில் நேரடியாக எழுதுகிற அனுமதியை எல்லோரிடமிருந்தும் எடுத்தார். முதலில் தன்னுடையதை எடுத்தார். என் பெயர் எந்த மெயிலிலும் வரவில்லை. நான் இன்றைக்கும் இந்தத் தொழிலில் இருப்பது அவரால்தான்.

"அதெல்லாம் பேச நன்றாக இருக்கும், உலகத்தில் யார் அப்படி நடக்கிறார்கள்" என்று சொல்பவர்களுக்கு: 2017 ஜனவரி 31 அன்று புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லாப் நிறுவனத்தில் ஓர் எஞ்சினியர் இரவு நேரத்தில் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் அதுவும் இல்லை. பேக்கப் எடுக்கும் வேலை, மென்பொருள் வெர்ஷன் பொருந்தாமல் நாள்தோறும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மெயில்களும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்பு எதேச்சையாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அவர்கள் அந்த மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். பேக்கப் ஏன் ஓடவில்லை, ஏன் யாருக்கும் தெரியவில்லை என்றுதான் பிறகு வந்த அறிக்கை தோண்டிப் பார்த்தது.

"இன்னொருவர் ரிவ்யூ செய்து, ஸ்டேஜிங் என்ற ஒத்திகை சர்வரில் ஓட்டிப் பார்த்து என்று உட்கார்ந்தால் வேலை எப்போது முடியும்?" இதையும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. 2012 ஆகஸ்ட் 1, அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டல். 8 சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய கோட் ஏறவில்லை. அதில் கிடந்த பழைய கோட் தப்புத்தப்பாகப் பங்குகளை வாங்கி விற்றதில், சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போனது. அமெரிக்கப் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் எஸ்இசி விசாரித்தபோது, போட்ட கோடை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துப்பூர்வமான விதியே அங்கே இல்லை என்று தெரிந்தது. எங்களிடமும் இல்லை. ஸ்டேஜிங் வேண்டும் என்று நான் போட்ட டிக்கெட்டுக்கு (வேலைக் கோரிக்கைக்கு) இரண்டு வயதாகிறது. ஒவ்வொரு ஸ்பிரின்டிலும் (வேலைச் சுற்றிலும்) "அடுத்த முறை பார்க்கலாம்" என்று கீழே தள்ளினார்கள். அப்போதெல்லாம் நேரம் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு மட்டும் 20 பேர் விடிய விடிய உட்கார நேரம் இருந்தது.

"பிடிக்கவில்லை என்றால் வேறு வேலை தேடு" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

திங்கட்கிழமை மீட்டிங்கில் எடுத்த முடிவு, இனி எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும் என்பது. அவ்வளவுதான். அந்தப் பெண் கடைசி வரிசையில் குனிந்தே உட்கார்ந்திருந்தார். இப்போது நான் இங்கே எழுதுகிற ஒரு வரியைக்கூட அங்கே நான் சொல்லவில்லை. மெயிலுக்கும் பதில் போடவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, ஆறாவது வரியைப் படித்திருந்தேன், இருந்தும் வாயைத் திறக்கவில்லை. கோபம் யார் மேல் என்று கேட்டால் பாதி என் மேல்தான்.

நேற்று மாலை அவர் என் இடத்துக்கு வந்தார். "அண்ணா, இதை ஓட்டலாமா, ஒரு தடவை பார்த்துச் சொல்றீங்களா?" திரையில் இருந்தது வெறும் செலக்ட் குவெரி. படிக்கத்தான் செய்யும், எதையும் தொடாது. அது அவருக்கும் தெரியும். ஓட்டுங்கள் என்றேன். என்டர் மேல் விரலை வைத்துக்கொண்டு மறுபடி முதல் வார்த்தையிலிருந்து படித்தார்.

இரவு வீட்டிலிருந்தே அந்த ஆறாவது வரியை மாற்றி ரிவ்யூவுக்கு அனுப்பினேன். மெயிலில் இருந்த அத்தனை பேரையும் அதில் சேர்த்திருக்கிறேன். இதை எழுதும் வரை யாரும் திறந்து பார்க்கவில்லை.