டிராலியைச் சரிசெய்யாமல் தொழிலாளியைக் குறை சொல்லாதீர்கள்

குடோனில் டிராலி தள்ளுகிறவருக்கு அடிபட்டால் மேற்பார்வையாளர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை ‘கவனக்குறைவு’. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கிடங்கு வேலைக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். பெட்டிகளைச் சுற்றும் பிளாஸ்டிக் உறை கிழிந்து, திரிதிரியாகச் சக்கர அச்சில் சுற்றிக்கொண்டிருக்கும். பேரிங் தேய்ந்த சக்கரம் ஒரு பக்கமாகவே இழுக்கும். அது தரை வெடிப்பில் மாட்டினால் வண்டி சட்டென்று நின்றுவிடும். மேலே அடுக்கிய பெட்டி நிற்காது. நின்றுபோன வண்டியை மறுபடி நகர்த்த, ஓடுகிற வண்டியைத் தள்ளுவதைவிடக் கூடுதல் பலம் வேண்டும். நாள் முழுக்க அந்தப் பலத்தைக் கொடுப்பது இடுப்பும் தோளும்தான்.

‘தள்ளுங்கள், இழுக்காதீர்கள்’ என்று சுவரில் ஒட்டிவைக்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் தலைக்கு மேல் பெட்டியை அடுக்கிக் கொடுத்தால் தள்ளுகிறவருக்கு எதிரே எது வருகிறதென்று எப்படித் தெரியும்? அதனால்தான் முன்னால் போய் இழுக்கிறார். சரிவில் இறங்கும்போது வண்டி அவரது குதிகாலில் ஏறுகிறது. அடுக்கின் உயரத்தை முடிவு செய்தவர் யார்? ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பெட்டி என்று இலக்கு வைத்தவர் யார்? காயத்தைக் கொடுக்கும் அளவுக்குக் கனமான பாரத்தை யாரையும் தூக்கவோ சுமக்கவோ நகர்த்தவோ வைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 34ஆம் பிரிவில் சொன்னது.

என் சித்தப்பா மகனுக்கு இப்படித்தான் கணுக்கால் முறிந்தது. ஒப்பந்தக்காரர் ஆஸ்பத்திரி வாசலிலேயே, “வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடு தம்பி, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். பயந்துபோய் அவனும் அப்படியே சொன்னான். எக்ஸ்ரே செலவோடு அந்த உதவி முடிந்துவிட்டது.

அந்த ஒரு பொய்யில் அவன் இழந்தது பெரிது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கான ஈ.எஸ்.ஐ. திட்டத்தில், வேலையில் பட்ட காயத்துக்கான ஓய்வு நாள்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் உண்டு. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. சாதாரண நோய் என்று பதிந்தால் 70 சதவீதம்தான். அதற்கும் குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

கிடங்கில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளே, அடிபட்ட அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். வாய்மொழியாகச் சொன்னாலும் செல்லும். எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. மருத்துவரிடம் எந்த இடத்தில், எந்த வண்டியால் அடிபட்டது என்பதை அப்படியே சொல்லுங்கள். யார் கெஞ்சினாலும் மாற்றிச் சொல்லாதீர்கள்.